காட்டுக்குப் போகாத துணி

ஆறுமுகத்தாய் ஒரு சட்டையைக் கையில் வாங்கினால் முதலில் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்ப்பாள். அப்புறம் கைமுனை. அப்புறந்தான் கொண்டுவந்தவரின் முகம். அதற்குள் அவளுக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கும். "என்ன சார், லோக்கல் வண்டியில வலது கையாலயே தொங்கிக்கிட்டுப் போறிகளா? இந்தக் கக்கத்துத் தையல் மட்டும் பிஞ்சிருக்கே" என்பாள் ஒருவரிடம். "வீட்டுல அம்மா பொறந்த வீட்டுக்குப் போயிருக்காகளோ? பித்தானை நீங்களே தைச்ச மாதிரி இருக்கு" என்பாள் அடுத்தவரிடம். மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்குத் துணி போட வருகிறவர்கள் எல்லாரும் ஆபீஸ்காரர்கள். மேலதிகாரி கேட்டால்கூட மழுப்புவார்கள். இவளிடம் மட்டும் உள்ளதை ஒப்புக்கொண்டு, சிரித்தபடி படியிறங்கிப் போவார்கள்.

துணியோடும் பேசுவாள். புழுதியேறிய வேட்டி ஒன்று மூட்டையிலிருந்து வெளியே வந்தால், "வாங்கய்யா வாங்க, எந்தத் தெருவ அளந்துட்டு வாரீக?" என்று வரவேற்பு நடக்கும். சரிகைக் கரைக்கு மரியாதை கூடுதல். டெரிலின் என்றால் மட்டும் உதட்டைச் சுழிப்பாள். "தண்ணி குடிக்காததெல்லாம் ஒரு துணியா?" என்று கேட்பாள். ஆனாலும் அதன் மேல் ஒரு கீறல் விழ விடமாட்டாள்.

நல்ல உயரம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் முறுக்கிவிட்ட கயிறு மாதிரி கை. உடுத்துவது எப்போதும் அரக்கு, கருநீலம், பாசிப்பச்சை. ஊர்த் துணியையெல்லாம் பளிச்சென்று ஆக்குகிறவள் தனக்கென்று ஒரு வெளிர் நிறச் சீலை எடுக்கக்கூடாதா என்று கேட்டால் அவளிடம் பதில் தயார். "வெளுப்பு எனக்குச் சோறு போடுது. சோத்த எடுத்து ஒடம்புல சுத்திக்கிட்டா திரிவாக?"

கடையின் சொந்தக்காரர் அவள் கணவர் நம்பிராஜன். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 'நியூ லைட் லாண்டரி, உரிமையாளர் எஸ். நம்பிராஜன்.' 'லாண்டரி' என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது மார்பு ஒரு விரற்கடை விரியும். இஸ்திரி போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கரிப்பெட்டியின் சூட்டைத் தூர நின்றே சொல்லிவிடுவார். அவர் மடித்த கைமடிப்பு மூன்று ஸ்டேஷன் நெரிசலைத் தாண்டி ஆபீசுக்குப் போய்ச் சேரும்போதும் அப்படியே நிற்கும். தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்து வந்து, கடையைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்துவிட்டால் மனிதர் ஒரு சின்ன ராஜாதான்.

ஆனால் அந்த லாண்டரியில் பல வருஷமாக ஒரு துணிகூடத் துவைக்கப்படவில்லை. துணி வாங்குவது இங்கே, தேய்ப்பது இங்கே, கொடுப்பது இங்கே. துவைப்பது மட்டும் வெளியே. மூட்டை கட்டிக் கைவண்டியில் ஏற்றி, தெற்கே ஒரு சலவைத்துறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது அது நியாயமான ஏற்பாடாகத்தான் இருந்தது. தாராவிக் குழாயில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். மாதுங்காவில் ஒரு வாளி வைக்கவே இடமில்லை. அங்கேயோ கல் இருந்தது, தண்ணீர் இருந்தது, அடித்துத் துவைக்க ஆள் இருந்தது. இருக்கிற இடத்தில் கொடுத்து வாங்குவதுதானே வியாபாரம்?

சலவைத்துறைக்குப் பம்பாயில் 'காட்' என்று பெயர். ஆறுமுகத்தாயின் திருநெல்வேலி நாக்கில் அது ஏறியதும் காடு ஆகிவிட்டது. வண்டி புறப்பட்டதும் "காட்டுக்குப் போயாச்சு" என்பாள். யாராவது அவசரமாக வேட்டி கேட்டு வந்தால், "காட்டுலயிருந்து இன்னும் வரல சார். புலி கிலி அடிச்சிருச்சோ என்னமோ" என்பாள். வாடிக்கைக்காரர் சிரிப்பார். நம்பிராஜன் சிரிக்கமாட்டார். "வாஷுக்குப் போயிருக்குன்னு மரியாதையாச் சொல்லேன்ட்டி" என்று பல்லைக் கடிப்பார். 'வெளுக்கிறது' என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. வள்ளியூருக்குத் தெற்கே இருக்கிற ஊரில் அவர்களுடையது ஊர் வெளுக்கிற குடும்பம். பகலெல்லாம் வெளுப்பார்கள்; பொழுது சாய்ந்தால் பானையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுப் புறவாசலிலும் நின்று சோறு வாங்குவார்கள். நேற்றுப் பிறந்த பிள்ளையும் நம்பிராஜனின் தகப்பனாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். இவரையோ கேட்கவே வேண்டாம், "ஏலே நம்பி"தான். அந்த 'ஏலே'யைக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகித்தான் மனிதர் ரயிலேறினார். பம்பாய்க்கு வந்து ஒரு கடையில் இஸ்திரிக்காரராகச் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை போட்டார். ஒரே ஒரு வைராக்கியம்: துணியைத் தேய்ப்பேன், மடிப்பேன், கல்லில் அடிக்கமாட்டேன்.

அதே ஊரின் மேலத்தெருக்காரன் கணேசபாண்டியன் வடாலாவில் குடியிருக்கிறான். டிராம்பே பக்கம் ஒரு பாக்டரியில் வேலை. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை கடைப்பக்கம் வருவான். முதல் தடவை வந்தபோது பலகையைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், அதில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த நம்பிராஜனைப் பார்த்தான். வாய் தானாகவே, "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றது. அன்று சாயங்காலம் நம்பிராஜன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சின்னான்ட்டி. மேலத்தெருக்காரன். என்னைய." ஆறுமுகத்தாய் கேலி செய்ய வாயெடுத்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

இப்படியே போயிருக்கும். போகவிடாமல் குறுக்கே வந்தது ஒரு டெரிலின் சட்டை.

டிராம் ஓட்டம் நின்றுபோன வருஷம் அது. வேங்கடசுப்ரமணியன் என்று ஒருவர், பாலக்காட்டுக்காரர், கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. அவருக்கு ஏடனிலிருந்து மைத்துனர் அனுப்பிய சந்தன நிறச் சட்டை ஒன்று இருந்தது. காட்டுக்காரர்கள் அதன் கடைசிப் பித்தானைக் கல்லில் வைத்து நொறுக்கிவிட்டார்கள். அவர் மனைவி அம்மிணி, கைக்கு அகப்பட்டது என்று மகளின் பாவாடைச் சட்டையிலிருந்து ஒரு பச்சைப் பித்தானை எடுத்து அங்கே தைத்துவிட்டாள். பாண்டுக்குள் போகிற இடந்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

அவரே பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதற்காகக் குர்லாவில் வண்டி மாறுகிறார். எதிரே ஒரு வாலிபன், தலையில் எண்ணெய் வழிய நிற்கிறான். சந்தன நிறச் சட்டை. அதை வெளியே விட்டுப் போட்டிருக்கிறான். அடியில் பச்சைப் பித்தான் பளபளக்கிறது. விசாரித்தால், அம்பர்நாத்துக்குப் பெண் பார்க்கப் போகிறானாம். சட்டை சலவைத்துறையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்ததாம். "நல்ல சட்டை சாப், வேணும்னா அட்ரஸ் தரேன்" என்று இவருக்கே சிபாரிசு வேறு! கழற்றச் சொல்ல மனசு வரவில்லை. ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிவிட்டு வந்தார்.

மறுநாள் கடைக்கு வந்து கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஏம்மா ஆறுமுகம், என் சட்டைக்கு அம்பர்நாத்துல பொண்ணு பாத்திருக்கே, நிச்சயம் ஆயிடுத்தா?" என்று கேட்டார்.

கதை முழுவதையும் கேட்டபோது ஆறுமுகத்தாய்க்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மனிதர் கோபித்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சிரித்தார். அதுதான் சுருக்கென்றது. மாதுங்காவில் சிரிப்பு நிற்குமா? பஜனை மடத்தில் ஒருவர், காப்பிப்பொடிக் கடையில் ஒருவர் என்று இரண்டே வாரத்தில் கதை ஊரைச் சுற்றிவிட்டது. துணி வாங்க வருகிறவர்கள் எதிரிலேயே கழுத்துப் பட்டியை முகர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். "இந்த வாரம் என் வேஷ்டி யாராத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தது?" என்று ஒருவர் கேட்டார். நாலைந்து வீட்டுத் துணி சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போயிற்று. துணியைப் பார்த்து ஆளைச் சொன்னவள், துணியைக் கொடுக்கும்போது ஆளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

கைவண்டியோடு தானே நடந்து போய்க் காட்டு மேஸ்திரியைக் கேட்டாள். அவன் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏக் தின் பெஹ்னா தோ க்யா ஹுவா?" என்றான். ஒரு நாள் போட்டுக்கொண்டால் சட்டை தேய்ந்தா போகும் என்று கேட்கிறான்! ஆறுமுகத்தாயின் இந்தி அரைகுறைதான். ஆனால் அன்று அவள் ஏசிய ஏச்சில் பக்கத்துக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, அதையும் அவளே சொல்வாள். ஊரில் அவள் அம்மாவும் ஒரு வீட்டுச் சீலையை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தவள்தான். பெண் சமைந்தாலும் பிள்ளை பெற்றாலும் மாற்றுச் சீலை கொடுப்பது வெளுக்கிறவளின் பொறுப்பு; அவளிடம் இருப்பதெல்லாம் ஊரார் சீலைதானே? "எங்க அம்மாவும் குடுத்திருக்கா. ஆனா யாரு சீலை யாரு வீட்டுக்குப் போயிருக்கு, எப்ப திரும்பும், எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு என்ன தெரியும்? வண்டியில ஏத்துறது தெரியும், எறக்குறது தெரியும். சட்டைய வாங்குற கை நம்ம கை. திருப்பிக் குடுக்குற கை நம்ம கை. நடுவுல இருக்கிறது யாரு கை?"

இந்தக் கேள்வியைத்தான் மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் நம்பிராஜன் முன்னால் வைத்தாள். அவர் வேறொரு காட்டில் பேசி வைத்திருந்தார். அவர்கள் நாணயமானவர்கள், சொன்ன நாளில் தருவார்கள், கூலியும் குறைவு என்றார்.

"அந்தக் காடு இல்லேன்னா இந்தக் காடு. ரெண்டும் காடுதானே? நாமளே வெளுப்போம்."

நம்பிராஜன் நாற்காலியில் நிமிர்ந்தார். "தண்ணிக்கு எங்க போவ?"

"அது என் பாடு. செம்பூருல முகைதீன் பாய் எருமைய எல்லாம் வித்துட்டாராம். எருமை கட்டுன தபேலாக் கொட்டகை சும்மா கெடக்கு. கெணறு இருக்கு."

"ஆளு?"

"நான் இருக்கேன். நீங்க இருக்கீக. பத்தலேன்னா நம்ம சேரியில கை இல்லியா?"

"இஸ்திரிய யாரு பாக்கது?"

"வெளிய குடுத்திருவோம்."

இதுதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. "என் பெட்டியவா வெளிய குடுக்கச் சொல்லுத?" என்றார். இஸ்திரிதானே கடையின் முகம், அவருடைய கையெழுத்து! ஆறுமுகத்தாய் விடவில்லை. "மடிப்பு கோணலாப் போனா இன்னொரு தேய்ப்புத் தேய்ச்சாப் போச்சு. துணி பழுப்பேறிப் போச்சுன்னா? நூலு நைஞ்சு போச்சுன்னா? இன்னொருத்தன் ஒடம்புக்குப் போயிட்டு வந்துச்சுன்னா? அதத் திருப்ப முடியுமா? திருப்ப முடியாதத நம்ம கையில வச்சிக்கிடுவோம். திருப்ப முடியுறத ஊரான் செய்யட்டும். நாம இத்தனை நாளும் தலைகீழாவுல்லா பண்ணியிருக்கோம்!"

  நம்பிராஜன் கரிப்பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம் மெதுவாக, "வெளுக்கணும்னா நான் ஊருலயே இருந்திருப்பேனே ஆறுமுகம்" என்றார். "அந்தக் கெணறு ரயிலு ரோட்டு ஓரமா இருக்கு. காலைல டிராம்பேக்குப் போற நம்ம ஊர்க்காரங்க பூரா அந்த வண்டியிலதான் போறாங்க. கணேசபாண்டியனும் போறான். நான் கல்லுல அடிச்சிக்கிட்டு நிக்கிறத அவன் பாத்தான்னா, அப்புறம் என்ன சொல்லிக் கூப்பிடுவான்?"

ஆறுமுகத்தாய் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "ஊருல நாம வெளுத்தது குத்தமில்ல. வெளுத்துட்டுப் போயிப் புறவாசல்ல நின்னமே, அதுதான் குத்தம். அது நம்ம குத்தமும் இல்ல. இங்க யாரு யாரு வாசல்ல வந்து நிக்கா? வேங்கடசுப்ரமணி சாரு நம்ம வாசல்ல வந்து நிக்காரு. நின்னு, 'ஆச்சாம்மா?'ன்னு கேக்காரு. அப்புறம் என்ன?"

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆறுமுகத்தாய்க்கு அது போதும்.

செம்பூருக்குப் போய்க் கிணற்றைப் பார்த்தாள். ஒரு வாளி இறைத்து, முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அப்புறம் தன் முந்தானையை நனைத்து, சோப்பு போட்டுக் கசக்கி, நுரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். முகைதீன் பாய்க்குச் சங்கடம். "எருமை குளிச்ச எடம் தாயி, பாத்துக்கோ" என்றார். "எருமை குளிச்சா என்ன பாய், இனிமே சார்மாரு வேட்டி குளிக்கட்டும். தண்ணி தங்கம்" என்றாள். ஒரு வாரத்தில் தபேலாவைக் கழுவி, கல் போட்டு, மூலையில் அடுப்புக் கட்டி, வெள்ளாவி வைத்துவிட்டாள். பானைத் தண்ணீர் கொதிக்க, அதன் மேல் சோடாவில் நனைத்த துணிகளை அடுக்கடுக்காகச் சுற்றி, ஆவியிலேயே வேகவிடுகிற அந்த வேலையை அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். பிள்ளையைத் தூங்கப் போடுகிற பதவிசு. டெரிலினுக்கு மட்டும் வெள்ளாவியில் இடம் கிடையாது. "அது சூடு தாங்காத சாதி" என்று தனி வாளியில் குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுப்பாள். ஒவ்வொரு துணியின் மூலையிலும் சேங்கொட்டை மையால் அவளே குறி போடுவாள். ஒரு கோடு, மேலே வீட்டுக்கு வீடு மாறுகிற புள்ளி. எழுத்து தெரியாது, ஆனால் எந்தப் புள்ளி எந்த வீடு என்பதில் ஒரு நாளும் தவறியதில்லை.

இஸ்திரிப் பெட்டி, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் மேஜை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பூலோகம் என்பவனிடம் போயிற்று. முதல் வாரம் முழுவதும் நம்பிராஜன் அவன் பக்கத்திலேயே நின்று அவன் உயிரை வாங்கினார்.

முதல் மூட்டை வெளுத்து வந்த அன்று வேங்கடசுப்ரமணியன் தன் வேட்டியைக் கையில் வாங்கிப் பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்தார். நெற்றியைச் சுருக்கினார். "ஏம்மா, இது என் வேஷ்டி இல்லையே. மாத்திக் குடுத்துட்டியோ?" ஆறுமுகத்தாய் மூலையைத் திருப்பிக் குறியைக் காட்டினாள். மனிதர் வேட்டியை இரண்டாம் தடவை பார்த்தார். "அடேயப்பா! கல்யாணத்தன்னிக்குக்கூட இது இப்படி இருந்ததில்லை" என்றார். வேறு கடைக்குப் போன வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சட்டை பெண் பார்க்கப் போன கதையை மாதுங்கா மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்கிறபோது முடிவில், "இப்ப அவாளே வெளுக்கறா, நன்னா வெளுக்கறா" என்று சேர்த்துக்கொண்டது. 'அவாளே' என்கிற அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஆறுமுகத்தாய்க்கு மூக்குத்தி இரண்டும் மின்னும். காட்டுப் பேச்சையும் விடவில்லை. "நம்ம துணி காட்டுக்குப் போகாது சார், கெணத்துக்குத்தான் போகும்" என்று புது வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வாள்.

நம்பிராஜன் கிணற்றடிக்கு வந்தார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. காலையில் வந்து ஒரு கை கொடுத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு கடைக்குப் போவார். வேலைக்கும் அஞ்சவில்லை, பழைய கை, மறக்கவில்லை. ஆனால் ரயில் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தபேலாச் சுவருக்குப் பின்னால் போய்விடுவார். கொடிகளைக்கூட ரயிலுக்குத் தெரியாத பக்கமாகக் கட்டலாம் என்று பார்த்தார். அந்தப் பக்கம் வெயில் இல்லை என்று ஆறுமுகத்தாய் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

சட்டை, துண்டு என்றால் அவளே பிழிந்துவிடுவாள். மாதுங்கா மாமிகள் கட்டுகிற ஒன்பது கஜம் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். இந்தத் தலைப்பை ஒருவர் பிடிக்க, அந்தத் தலைப்பை ஒருவர் முறுக்க வேண்டும். பாதி முறுக்கில் ரயில் வந்துவிடும். நம்பிராஜன் கையைத் தளர்த்துவார். ஆறுமுகத்தாய் அவர் தலைப்பை வாங்கிக் கிணற்றடித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுவாள். "நீங்க போங்க. உங்க தம்பி பிடிச்சிக்கிடுவான்" என்பாள் தூணைக் காட்டி. ரயில் போனதும் அவர் திரும்பி வருவார். "அண்ணன் வந்தாச்சு, நீ போடா" என்று தூணுக்கு விடுதலை கிடைக்கும். இப்படியே மாதக்கணக்கில் ஓடிற்று.

போன மாசியில் ஒரு சாயங்காலம். ஆறுமுகத்தாய் கடையின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் வேங்கடசுப்ரமணியன் குரல் கேட்டது.

"ஓய் நம்பிராஜன், செம்பூர்ல யாருங்காணும் வெளுக்கறது? என்ன கை! நீங்களேதான்னு எல்லாரும் சொல்றா, நெஜமா?"

 கடையில் அப்போது இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், ஒருவர் திருநெல்வேலிக்காரர். நம்பிராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு ஆளு வச்சிருக்கோம் சார்" என்றார்.

"நல்ல ஆளாப் புடிச்சிருக்கீர். லேசுல கெடைக்காது. விட்டுடாதேயும்."

"விடமாட்டேன் சார்."

பின்பக்கம் துணி பிரிக்கிற கை நின்றது. நம்பிராஜன் திரும்பிப் பார்த்தபோது ஆறுமுகத்தாய் ஒரு சட்டையின் கழுத்துப் பட்டியை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. துணியோடுகூடப் பேசுகிறவள் மனுஷனோடு பேசாமல் இருந்தால் அந்த வீடு என்ன வீடாக இருக்கும்? 'ஆளு' என்ற சொல் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. புறவாசலைத் தாண்டி வந்தோம் என்று நினைத்திருந்தாள். தன் கடையிலேயே தனக்கு ஒரு புறவாசல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை கிணற்றடி. அம்மிணியின் ஒன்பது கஜம், இலைப்பச்சையில் அரக்குக் கரை, தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. ஒரு தலைப்பை நம்பிராஜன் எடுத்தார், ஒரு தலைப்பை ஆறுமுகத்தாய். இருவரும் பின்னால் நடந்து புடவையை இழுத்துப் பிடித்தார்கள். முறுக்கு ஏற ஆரம்பித்தது. குர்லாப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது.

ஆறுமுகத்தாய் முறுக்கை நிறுத்தினாள். கேலி இல்லை, தம்பி இல்லை, ஒன்றும் இல்லை. அவரைப் பார்க்காமல் நடந்துவந்து, கட்டுவதற்காக அவர் தலைப்புக்குக் கையை நீட்டினாள். நம்பிராஜன் கொடுக்கவில்லை. அவள் இழுத்தாள். அவர் விடவில்லை.

"வண்டி வருது" என்றாள்.

"வரட்டும். நீ போய் அந்தத் தலைப்பப் பிடி."

அவள் திரும்பி நடந்துபோய்த் தன் முனையை எடுத்துக்கொண்டாள்.  வண்டி வந்தது. எந்தப் பாவி கொடி காட்டினானோ, நேர் எதிரே வேகம் குறைந்து ஊர்ந்தது. வாசற்படியெல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். நடுப் பெட்டியிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு வீசியது. ஒரு குரல், தமிழ்க் குரல்தான், என்னவோ கூப்பிட்டது. காற்று அதைப் பாதி கொண்டுபோயிற்று, சக்கரம் பாதியை நசுக்கிற்று.

"கணேசபாண்டியன்தானே? என்ன சொல்லிக் கூப்பிடுதான்?" என்று கேட்டாள் ஆறுமுகத்தாய்.

நம்பிராஜன் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

"கேக்கல. நீ முறுக்கு" என்றார், தன் முனையைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டே.